கடைமடைக்குத் தண்ணீர் வரும்வரை

முன்னொரு காலத்தில் நடந்தது என்றே சொல்லிவிடுகிறேன். இந்தக் காலத்தில் நடந்தது என்று சொன்னால் எந்த ஊர், எந்த ராஜா என்று விசாரிக்க ஆள் வந்துவிடும். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. ஆகவே முன்னொரு காலத்தில், பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு நாட்டில், வீரகம்பீரன் என்று ஒரு ராஜா இருந்தார். அவர் போட்ட சண்டை எதுவும் எனக்குத் தெரியாது. பெயர் அப்படி வைத்துவிட்டார்கள்.

அந்த ராஜாவுக்கு ஏரியில் மிதக்கிற மாளிகை வேண்டும் என்று ஆசை வந்தது. பக்கத்து நாட்டு ராஜா தோணியில் உட்கார்ந்து நாட்டியம் பார்க்கிறாராம். இவருக்குத் தோணியிலேயே படுத்துத் தூங்க வேண்டுமாம். தச்சர்கள் மாளிகையைக் கட்டிப் பேரேரியில் இறக்கினார்கள். நன்றாகத்தான் மிதந்தது. ஆனால் அது பங்குனி மாதம். ஏரித் தண்ணீர் மதகு வழியாக வயல்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. நீர்மட்டம் இறங்கி, மாளிகையின் ஒரு பக்கம் சேற்றில் தட்டிச் சாய்ந்து, ராஜா கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தார். எழுந்ததும் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "மதகை மூடு!"

மூடிவிட்டார்கள். வயலில் நெல் பால் பிடிக்கிற சமயம். அந்த நேரத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் கதிர் பதராகிப் போகும் என்பது விவசாயம் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். தெரிந்தவர்கள் யாரும் சபையில் இல்லை.

சபையில் இருந்த ஒருவனுக்கு மட்டும் தெரியும். அவன் பெயர் விருத்தகிரி. ராஜாவின் விகடன். வாய்க்காலின் கடைசிக் கோடியில் இருக்கிற கடைமடை ஊரில் பிறந்தவன். வாய்ச் சாமர்த்தியத்தால் அரண்மனைக்கு வந்து, பட்டு உடுத்தி, நெய்ச்சோறு தின்று, கொஞ்சம் தொந்தியும் போட்டுவிட்டான். ஊரில் இருந்த ஒரே சொந்தம் அவனுடைய அக்கா பவளாயி. மதகை மூடியதும் அவள் நேரே தம்பி வீட்டுக்கு வந்து நின்றாள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"உக்கார வரல தம்பி. பயிரு வெளுக்குது. நீ ராசாகிட்டச் சொல்லி மதகத் தொறக்கச் சொல்லு."

"நான் சொன்னா சிரிப்பார் அக்கா. என் வேலையே அதுதான்."

"சிரிச்சிட்டுத் தொறக்கட்டுமே. எங்களுக்கு என்ன நட்டம்? இந்த வெள்ளாமை போச்சுன்னா ஊரே கெளம்பிரும். அப்புறம் நீ எந்த ஊர்க்காரன்னு சொல்லிக்குவ?"

அந்தக் கேள்வி அவனைச் சுட்டது. மறுநாள் சபையில், ராஜா நல்ல குணத்தில் இருக்கும் நேரம் பார்த்துச் சொன்னான்.

"மகாராஜா, தங்கள் மாளிகை மிதக்கிறது. தங்கள் குடிகள் மூழ்குகிறார்கள். தண்ணீரே இல்லாமல் மூழ்குகிற அதிசயத்தை வேறு எந்த நாட்டிலும் பார்க்க முடியாது."

ராஜா சிரித்தார். சிரித்துவிட்டு, "குடிகளுக்கு என்னதான் வேண்டுமாம்?" என்று கேட்டார்.

"மதகு திறக்க வேண்டுமாம், பிரபு."

இங்கேதான் பிரதம மந்திரி நஞ்சுண்டர் எழுந்தார். அவர் நாட்டு நடப்பு சொன்னால் ராஜா கொட்டாவி விடுவார். விருத்தகிரி தும்மினால்கூடச் சிரிப்பார். ஒரு மந்திரிக்கு வயிறு எரிய வேறு காரணம் வேண்டுமா?

"அரசே, குடிகள் கேட்டு அரசர் கட்டளையை மாற்றினால், நாளை ஆடு கேட்கும், மாடு கேட்கும். குடிகளால் இந்த நாட்டில் ஒரு துரும்பையும் அசைக்க முடியாது. அசைப்பது தங்கள் திருவாய் ஒன்றே."

"அசைக்க முடியும்," என்று விருத்தகிரி சொல்லிவிட்டான். யோசித்துச் சொல்லவில்லை. வாய் முந்திக்கொண்டது.

நஞ்சுண்டர் அதற்காகவே காத்திருந்தவர்போல் புன்னகை செய்தார்.

"அப்படியானால் விகடர் நிரூபிக்கட்டும். வருகிற தேர்த் திருநாளுக்குள் குடிகள் அரசரின் கட்டளையை மாற்றிக் காட்ட வேண்டும். ஆனால் ஒருவரும் கையை ஓங்கக் கூடாது. ஒருவரும் குரலை உயர்த்தக் கூடாது. ஒருவரும் அரண்மனை வாசலை மிதிக்கக் கூடாது. அரசரே தம் வாயால் 'மதகைத் திற' என்று சொல்ல வேண்டும். தோற்றால் விகடரின் நாக்கு அரண்மனைக்குச் சொந்தம்."

ராஜாவுக்குப் பந்தயம் என்றால் உயிர். "ஆகட்டும்!" என்றார். விருத்தகிரி குனிந்து, "திருநாள் அன்று பொழுது சாயும்வரை தவணை உண்டா?" என்று மட்டும் கேட்டான். உண்டு என்றார்கள். அவன் வாய்க்கால் கரையோரமாக ஊர் ஊராக நடந்து ஜனங்களோடு பேசிவிட்டு வந்தான்.

அந்த நாட்டுத் தேர் வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். மற்ற ஊர்களில் தேரில் சாமி உட்காரும். அங்கே வருஷத்துக்கு ஒருநாள் பட்டத்துத் தேர் என்று ஒன்று உண்டு, அதில் ராஜா உட்காருவார். ஏறியதும் ஏணியை எடுத்துத் தேர்க்கொட்டகைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். தேர் நான்கு வீதியும் சுற்றி நிலைக்குத் திரும்பும்வரை ராஜாவின் கால் மண்ணில் படக் கூடாது. பட்டால் அத்தோடு பட்டம் போச்சு. வடம் பிடித்து இழுப்பது குடிகள், ஆணும் பெண்ணுமாக எல்லா ஊரும். இன்னொரு வழக்கமும் உண்டு. வடத்தில் கை வைத்திருப்பவன்மேல் யாரும் கை வைக்கக் கூடாது. சேவகனானாலும் சரி, கடன் கொடுத்தவனானாலும் சரி, மாமியாரே ஆனாலும் சரி.

திருநாள் வந்தது. ராஜா கிரீடம் வைத்துத் தேரில் ஏறினார். அவர் காலடியில் மயில்தோகை விசிறியோடு விருத்தகிரி உட்கார்ந்தான். அது அவனுக்கு உரிய இடம். ஏணி போயிற்று. முரசு அடித்தது. ஜனங்கள் வடம் பிடித்தார்கள், தேர் அசைந்தது, கிழக்கு வீதி போயிற்று, தெற்கு வீதியில் பாதி போயிற்று. நல்ல உச்சி வெயில். அந்த இடத்தில் மரம்கூடக் கிடையாது. தேர் நின்றது.

"ஏன் தேர் நிற்கிறது?" என்றார் ராஜா.

"தேர் நிற்கவில்லை, பிரபு. ஜனங்கள் நிற்கிறார்கள். தேர் அவர்களோடு இருக்கிறது."

ராஜா எட்டிப் பார்த்தார். வீதி முழுக்க ஜனங்கள். எல்லார் கையும் வடத்தில். யாரும் இழுக்கவில்லை, யாரும் பேசவும் இல்லை.

"கலகமா?"

"கையை ஓங்கினார்களா, பிரபு? வடத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். குரலை உயர்த்தினார்களா? ஈ பறக்கிற சத்தம் கேட்கிறது. அரண்மனை வாசலை மிதித்தார்களா? அந்தப் பக்கமே வரவில்லை. நாம்தான் அவர்கள் வாசலுக்கு வந்து நிற்கிறோம்."

கீழே குதிரைமேல் வந்த நஞ்சுண்டருக்கு முகம் கறுத்தது. சாட்டையோடு சேவகர்களை ஏவினார். அவர்கள் ஓடினார்கள், ஜனங்களின் கையைப் பார்த்தார்கள், சாட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு திரும்பி வந்தார்கள். வடம் பிடித்தவனை அடித்தால் குலம் விளங்காது என்று அவர்களுடைய தாய்மார்கள் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேருடைய தாய்மார்கள் அந்த வடத்தைப் பிடித்துக்கொண்டும் நின்றார்கள்.

"பட்டத்து யானையைக் கொண்டுவந்து பின்னாலிருந்து தள்ளச் சொல்!" என்று நஞ்சுண்டர் கத்தினார்.

தேர்த்தச்சன் கைகட்டிக்கொண்டு வந்தான். "தள்ளலாம் சாமி, தேர் ஓடும். ஆனா சக்கரத்துக்குக் கட்டை போடுற ஆளுங்க கட்டையைக் கீழ வெச்சிட்டு வடத்தப் பிடிச்சிட்டு நிக்கிறாங்க. எங்க போய் நிக்கும்னு என்னால சொல்ல முடியாது. முன்னால இறக்கம். இறக்கத்துல மொத வீடு உங்க வீடு."

"யானை வேண்டாம்," என்றார் நஞ்சுண்டர்.

வெயில் ஏறியது. தங்கக் கிரீடம் அடுப்பில் வைத்த பாத்திரமாகச் சுட்டது. ராஜா அதைக் கழற்றி மடியில் வைத்தார், மடி சுட்டது, விருத்தகிரியிடம் கொடுத்தார். ஜனங்களும் அதே வெயிலில்தான் நின்றார்கள். ஆனால் அவர்களுக்கு அது தினப்படி வெயில். ராஜாவுக்குத் தாகம் எடுத்தது, பிறகு பசித்தது, பிறகு வெளியே சொல்ல முடியாத வேறோர் அவசரமும் வந்தது. கடைசியில் அவருக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் அவருடைய நல்ல குணம், கெட்ட குணமும் அதுவே.

"ஜெயித்துவிட்டாயடா, விகடா! சரி, மதகைத் திறக்கச் சொல்!"

எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். குதிரைவீரன் ஏரியை நோக்கிப் பறந்தான். விருத்தகிரிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தேரின் விளிம்பைப் பிடித்து எழுந்து நின்று கூவினான்.

"கேட்டீர்களா! மகாராஜா உத்தரவு கொடுத்துவிட்டார்! இழுங்கள்!"

ஒருவரும் இழுக்கவில்லை. வடத்தின் முன்வரிசையில் பவளாயி நின்றாள். பக்கத்தில் அவள் புருஷன் உடையான். அவள் குரலை உயர்த்தாமல்தான் பேசினாள். வீதி அவ்வளவு அமைதியாக இருந்ததால் மேலே வரைக்கும் கேட்டது.

"தண்ணி கடைமடைக்கு வரட்டும் தம்பி. வந்ததும் ஆள் வந்து சொல்லும். அப்புறம் இழுக்குறோம்."

"அதற்கு நாளைக் காலை ஆகிவிடுமே அக்கா!"

"ஆகட்டும். நாங்க நிக்கிறோம். எங்களுக்கு நின்னு பழக்கந்தான்."

விருத்தகிரி திரும்பி ராஜாவைப் பார்த்தான். ராஜாவின் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் அந்தச் சிரிப்பு எதுவாக மாறும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். சிரிப்பு கெட்டுப்போனால் மதகும் போய்விடும், நாக்கும் போய்விடும் என்று அவன் பயந்தான். பயம் மட்டும் என்று சொன்னால் பொய். பந்தயத்தில் ஜெயித்தது தான் என்று அவன் நினைத்தான். ஜெயித்த பிறகும் இவர்கள் ஏன் நிற்கிறார்கள் என்று அவனுக்கு எரிச்சல்கூட வந்தது. ஜெயித்தது அவனா? மேலே விசிறியோடு உட்கார்ந்திருந்தவன் எதை ஜெயித்தான்?

"ராஜா வாக்குக் கொடுத்தாயிற்று அக்கா! நம் ஊர் முன்னால் நான் சொல்கிறேன். என்னை நம்பு!"

ஜனங்கள் பவளாயியைப் பார்த்தார்கள், அப்புறம் அவனைப் பார்த்தார்கள். அரண்மனையில் அவர்களுக்கு இருந்த ஒரே ஆள் அவன். அவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது? பின்வரிசையில் யாரோ இழுத்தார்கள். வடம் இறுகியது. பவளாயி இழுக்காமல் கொஞ்ச தூரம் வடத்தோடு இழுபட்டே போனாள், பிறகு அவளும் இழுத்தாள். தேர் நிலைக்கு வந்தது. ஏணி வந்தது. ராஜா ஓட்டமும் நடையுமாக உள்ளே போனார். ஜனங்கள் வடத்தைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

மதகைத் திறந்தது உண்மை. தண்ணீர் தலைமடை வயல்களில் பாய்ந்ததும் உண்மை. கடைமடைக்கு வாய்க்காலில் ஈரம் எட்டுவதற்குள் மதகை மறுபடி மூடினார்கள். மாளிகை சாய்ந்துவிட்டதாம்.

விருத்தகிரி மூச்சிரைக்கச் சபைக்கு ஓடினான்.

"பிரபு! மதகை மூடிவிட்டார்கள்!"

"நான்தான் மூடச் சொன்னேன்," என்றார் ராஜா. "என் வாயால் திறக்கச் சொன்னேனா இல்லையா? திறந்தார்களா இல்லையா? எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று பந்தயத்தில் யாராவது சொன்னார்களா? சொன்ன சொல்லை உள்ளபடி பிடித்துக்கொள்ளும் வித்தையை எனக்குக் கற்றுக்கொடுத்தவன் நீதானே!"

சபையே குலுங்கிச் சிரித்தது. நஞ்சுண்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்த நாட்டு விகடனை விகடம் பண்ணிய முதல் ஆள் ராஜாதான். சிரிப்பு அடங்கியதும் நஞ்சுண்டர் மெதுவாகச் சொன்னார்:

"முன்வரிசையில் நின்றவர்களைப் பிடித்துவரச் சொல்லியிருக்கிறேன், அரசே. இப்போது அவர்கள் கையில் வடம் இல்லையே."

விருத்தகிரி வாயைத் திறந்தான். ராஜா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் திறந்த வாயை மூடிக்கொண்டான். பந்தயத்தில் பிழைத்த நாக்கு அன்றைக்கு ஒன்றுக்கும் உதவவில்லை.

உடையானுக்கும் இன்னும் பலருக்கும் விசாரணைக் கச்சேரி வாசலில் சாட்டையடி விழுந்தது. அரண்மனை ஜோசியர் ஏடுகளைப் புரட்டி, ராஜா தேரிலிருந்து ரத்தினக் கம்பளத்தின்மேல் இறங்கினால் அது மண்ணில் இறங்கியதாகாது என்று கண்டுபிடித்தார். இதை அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை என்றார். இனிமேல் ஏணி தேரிலேயே இருக்கும் என்றும் உத்தரவாயிற்று.

கடைமடையில் கதிர்கள் வெள்ளை வெளேரென்று நிமிர்ந்து நின்றன. மணி பிடித்திருந்தால் தலை சாய்ந்திருக்கும். மாடுகளை அவிழ்த்து மேயவிட்டார்கள். அதற்குப் பிறகு குடும்பம் குடும்பமாகக் கிளம்பிக் கூலிக்கு அடுத்த நாட்டுக்குப் போகத் தொடங்கினார்கள். விட்டுப்போன நிலம் அரண்மனையைச் சேரும் என்பது அங்கே சட்டம்.

சித்திரை பிறந்ததும் ராஜா விருத்தகிரியைச் சபை நடுவே அழைத்தார்.

"விகடா, நீ எனக்குப் பெரிய உபகாரம் செய்திருக்கிறாய். குடிகள் இழுக்காமல் நின்றால் என் தேர் நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியாது, என் தகப்பனாருக்கும் தெரியாது. ஒரு மதகுக்காக நிறுத்தி நீ காட்டிவிட்டாய். காட்டாமல் இருந்திருந்தால் என்றாவது ஒருநாள் இதைவிடப் பெரிய விஷயத்துக்கு நிறுத்தியிருப்பார்கள். ஆகவே அரண்மனைக்கு வந்த கடைமடை நிலம் முழுவதையும் உனக்கு மானியமாகக் கொடுக்கிறேன். உன் நிலத்துக்கு என்றால் மதகைக் கொஞ்சம் திறந்துவைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை."

சொல்லிவிட்டு ராஜா சிரித்தார். பட்டுச் சால்வையைப் போர்த்தினார். சபை கைதட்டியது. பொறாமைப்படவே பிறந்த நஞ்சுண்டர்கூடத் தட்டினார்.

விருத்தகிரி சால்வையோடு கடைமடைக்கு ஓடினான். அவனுக்கு முன்னால் தண்ணீர் வந்துவிட்டிருந்தது. வாய்க்காலில் கலங்கலாக, நுரையோடு, கரையைத் தொட்டுக்கொண்டு வந்தது. தரிசாகக் கிடந்த வயலில் பாய்ந்தது. பவளாயி வீட்டு வாசலில் மூட்டை கட்டிவைத்திருந்தது. உடையான் குப்புறப் படுத்திருந்தான். முதுகுக் காயத்தில் அவள் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தண்ணி வந்துருச்சு! போகாதே. நிலத்தை எல்லாம் எனக்கே கொடுத்துட்டார். எல்லாம் உனக்குத்தான். போனவங்களையும் கூப்பிட்டுக்கலாம்."

அவள் நிமிரவில்லை. "யாரு கேட்டு வந்துச்சு இந்தத் தண்ணி?"

அவன் தோளிலிருந்த சால்வையைக் கழற்றிக் கையில் சுருட்டினான்.

"நாங்க கேட்டு வரலல்ல? அவருக்கு உம்மேல பிரியம், அதுனால வந்துச்சு. நாளைக்கு உன் பேச்சுல அவருக்குச் சிரிப்பு வரலைன்னா தண்ணி நின்னுரும். உன் நெலத்துல, உன் தண்ணியில, நான் வெதச்சுத் திங்கணுமா?"

"நான் நல்லதுக்குத்தான் சொன்னேன் அக்கா, அன்னைக்கு..."

"நீ நல்லதுக்குத்தான் சொன்ன. எனக்குத் தெரியும்." அவள் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா ராசா எறங்கி வர்ற நேரத்துல எங்கள இழுக்கச் சொன்னியே, அத நெனச்சாத்தான் மனசு ஆறல. இன்னொரு தடவ எங்கயாச்சும் தேரு நின்னுச்சுன்னா, நீ மேல உக்காந்துக்கிட்டுக் கத்தாத தம்பி. கீழ வந்து வடத்தப் புடி."

உடையானைத் தாங்கி எழுப்பினாள். மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். வரப்பில் தண்ணீர் ஏறியிருந்ததால் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். விருத்தகிரி கூப்பிட்டுப் பார்த்தான். பிறகு கூப்பிடுவதை நிறுத்தினான்.

இந்த மாதிரிக் கதை எப்படி முடியும் என்று உங்களுக்குத் தெரியும். ராஜா வயிறு குலுங்கச் சிரிப்பார், விகடனுக்குப் பரிசு கிடைக்கும். இதுவும் அப்படித்தான் முடிகிறது. அதே வாரம் பக்கத்து நாட்டு ராஜா விருந்துக்கு வந்திருந்தார். மிதக்கும் மாளிகையில் சாப்பாடு ஆனதும் நம் ராஜா, "விகடா, தேர் நின்ற கதையைச் சொல்லு!" என்றார். விருத்தகிரி சொன்னான். வேறு என்ன செய்வான்? ராஜா கிரீடத்தைக் கழற்றியதை நடித்தான், யானை வேண்டாம் என்று நஞ்சுண்டர் அலறியதை நடித்தான். கடைசியில் இடுப்பில் கை வைத்து, குரலை அக்காவைப்போல் மாற்றிக்கொண்டு, "தண்ணி கடைமடைக்கு வரட்டும் தம்பி, எங்களுக்கு நின்னு பழக்கந்தான்" என்றான். அதற்குத்தான் இரண்டு ராஜாக்களும் ரொம்ப நேரம் சிரித்தார்கள். விருந்தாளி ராஜா தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். விருத்தகிரி குனிந்து வாங்கிக்கொண்டான்.